லெஸ் பெங்கெல்லி வீட்டுக் கடல்

1997ஆம் வருஷம் மார்ச் பதினோராம் தேதி காலை பத்தரை மணிக்கு எங்கள் வில்காரா நீதிமன்றத்தில் லெஸ் பெங்கெல்லி மேல் கடன் தீர்ப்பு பதிவானது. அன்று மாலை நாலு இருபதுக்கு அவர் வீட்டுக்குள் கடல் வந்தது. எங்கள் ஊரிலிருந்து கடல் ஐநூற்றுப் பத்து கிலோமீட்டர். நடுவில் இருப்பதெல்லாம் செம்மண்ணும் உப்புப் புதரும் வண்டியில் அடிபட்ட கங்காருவும்தான். ஆனாலும் வந்தது. துணி துவைக்கும் அறைக் கதவுக்கு அடியில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, சமையலறையில் முழங்கால் உயரத்துக்கு ஏறி, இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த வழியே போனது. போகும்போது ஒரு கை மணலையும் கொஞ்சம் பாசியையும் இரண்டு குட்டி நண்டுகளையும் விட்டுப் போனது. குழாய்க்காரர் வந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்து "உப்பு" என்று சொல்லி, வந்துபோன கூலி நாற்பத்தைந்து டாலரை வாங்கிக்கொண்டார். தண்ணீர் வாரியத்து ஆள் மீட்டரைப் பார்த்தார். மீட்டர் ஓடவில்லை, ஆகவே அவருக்கு இதில் வேலையில்லை. கடல் பெருகி வரும் சேதம் பாலிசியில் அடங்காது என்று காப்பீட்டுக் கம்பெனி மரியாதையாகக் கடிதம் போட்டது. அதிலிருந்து நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளி, கடல் வந்து போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.

கடன் அவருடையதே இல்லை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. லெஸ் எங்கள் சுரங்கத்தில் கூண்டு இறக்கும் யந்திரத்தை ஓட்டியவர். காலையில் நானூறு பேரைப் பூமிக்குள் இறக்கி மாலையில் நானூறு பேரையும் எண்ணி மேலே ஏற்றியவர். அவர் மனைவி வெல்மாவின் தம்பி நெவில், போர்ட் ஹாலமில் இறால் பிடிக்கப் படகு வாங்கப் போகிறேன் என்று வந்து நின்றான். லெஸ் ஜாமீன் கையெழுத்துப் போட்டார். படகுக்கு அக்கா பேரையே வைத்தான், வெல்மா என்று. லெஸ் அந்தப் படகைக் கண்ணால் பார்த்ததில்லை. கடலையே அதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருந்தார். காற்றே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை படகு கட்டின இடத்திலேயே முழுகிப்போனது. நெவில் வடக்கே எங்கோ போனான், போனவன் போனவன்தான். கடன் கம்பெனி நீதிமன்றத்துக்குப் போக, அழைப்பாணை ஜன்னல் வைத்த நீள உறையில் வந்தது. உறை மேல் கடன் கம்பெனி பேரைப் பார்த்ததும், படகு விஷயம் என்று லெஸ் அதைப் பிரிக்காமல் கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்தார், நெவில் வந்தால் பார்த்துக்கொள்வான் என்று. விசாரணை நாளில் யாரும் போகவில்லை. எதிர்த்துச் சொல்ல ஆளில்லாத வழக்கில் தீர்ப்பு எழுத எவ்வளவு நேரம் ஆகும்? முப்பத்தோராயிரத்து நானூறு டாலர், செலவுத் தொகை தனி.

வெல்மா மூன்று வருஷம் தாக்குப்பிடித்தாள். கீழ்த்தட்டு அலமாரிகளெல்லாம் ஊறிப் பிளந்தன; கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள்; மாவு டப்பாவுக்குள்கூட நண்டு. இதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. நாளுக்கு இரண்டு தடவை அவள் தம்பியின் கடன் வீட்டுக்குள் வரும். நாளுக்கு இரண்டு தடவை லெஸ் ஒரு வார்த்தை பேசாமல் துடைப்பார். அந்த மௌனம்தான் அவளைத் தின்றது.

"ஒரு தடவ திட்டேன் லெஸ். உன் தம்பி இப்படிப் பண்ணிட்டானேன்னு ஒரே ஒரு வார்த்த."

"நடந்தது நடந்து போச்சு. கால தூக்கு, அந்தப் பக்கம் தொடைக்கணும்."

2000ஆம் வருஷம் ஆகஸ்ட்டில் அவள் ஒரு பெட்டியோடு பஸ் ஏறி போர்ட் ஹாலமுக்குப் போனாள். அங்கே கடற்கரைக்கு இரண்டாவது தெருவில் இரண்டு அறை வீடு பார்த்துக்கொண்டாள். கடல் வேண்டாம் என்று போனவள் கடலோரமாகவே குடியேறிவிட்டாளே என்று எங்கள் சுரங்கத் தொழிலாளர் சங்க மன்றத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். அது அவள் காதுக்கு எட்டியதும் பதில் வந்தது: "இங்க கடல் அது இருக்கவேண்டிய எடத்துல இருக்கு. அங்க என்னடான்னா என் தம்பி மாதிரி வந்து சட்டமா உக்காருது." லெஸ்ஸுக்கு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்தத் தண்ணீரை விட்டுவிட்டு எப்போது வேண்டுமானாலும் வா.

விட்டுவிட்டு வர முடியவில்லை. முதல் கிறிஸ்துமஸுக்கு லெஸ் பஸ்ஸில் போனார். நாற்பத்து மூன்று டிகிரி வெயில், ஏழு மணி நேரப் பயணம், ஜன்னல் வழியே அனல். அவர் பேன்ட்டின் கீழ்மடிப்பு மட்டும் காயவில்லை. வெல்மா வாசலில் இருந்த கம்பிக் கதவுக்கு வந்து, குனிந்து, கம்பிக்கு இடையில் கைவிட்டு மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். "ஈரம்" என்றாள். உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து, பின்வாசல் வழியே சுற்றி வந்து, கதவுக்கு வெளியே நடைபாதையில் போட்டாள். பன்றித்தொடைக் கறியும் உருளைக்கிழங்கு சாலடும் ஒரு பீரும் கொடுத்தாள். அவர் வெளியே, அவள் உள்ளே படியில். ஊரில் யார் செத்தார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது என்று பேசினார்கள். நாலு மணி பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். பத்தொன்பது கிறிஸ்துமஸ் அந்த நாற்காலி நடைபாதைக்கு வந்தது. தபால்காரர்கள் மூன்று பேர் மாறினார்கள். மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாளும் லெஸ் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பலகை மேல் கால் வைத்து உட்கார்ந்து தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் மன்றத்துக்கு வருவார். கடல் ஏற்றம் வரும் நேரத்துக்கு முன் எழுந்து போய்விடுவார். வீட்டில் யாரோ காத்திருக்கிற ஆள் மாதிரி அவர் கிளம்புவதைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பாவம் அதில்தான் இருக்கிறது. எண்பத்தாறில் எட்டு மாதம் வேலைநிறுத்தம். கடைக்காரர்கள் எல்லோரும் கணக்கில் எழுதிக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டார்கள். வேலை திரும்பியதும், சம்பள வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் கடைக்குப் போய் ஏதாவது வைத்துவிட்டு வந்தோம், இரண்டு டாலரானாலும். வைக்காதவனோடு மன்றத்தில் யாரும் ஒரு மேசையில் உட்கார மாட்டார்கள். லெஸ்ஸும் இந்த ஊர்க்காரர்தானே. தீர்ப்பு நகலின் அடியில் இருந்த விலாசத்துக்கு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சம்பள வெள்ளிக்கிழமை இருபது டாலர் மணியார்டர் அனுப்பினார். ஓய்வு பெற்ற பிறகு பென்ஷனிலிருந்து அனுப்பினார். அந்தக் கம்பெனி தீர்ப்பை இன்னொரு கம்பெனிக்கு விற்றது. அது மெல்போர்னில் ஒருவருக்கு விற்றது. கடைசியில் பழைய கடன்களைச் சல்லிசாக வாங்கி வசூலிக்கும் ஒரு சிட்னி ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. வீடு மாறிய எஜமானைத் தேடி ஓடும் நாய் போல லெஸ்ஸின் மணியார்டரும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

2018 கிறிஸ்துமஸன்று வெல்மா வாசலுக்கு ஊன்றுகோலோடு வந்தாள். முட்டி அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. குனியப் பார்த்தாள், முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, "நீயே சொல்லு லெஸ். காஞ்சிருக்கா?" என்றாள். காய்ந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவருக்கு எழுபத்து மூன்று வயது, அவளுக்கு எழுபத்திரண்டு. "ஈரம்தான்" என்றார். அவள் நாற்காலி எடுத்துவரத் திரும்பினாள். நாற்காலியைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்ற லெஸ், ஊருக்குத் திரும்பியதும் ஜனவரி இரண்டாம் தேதி அந்தச் சிட்னி ஆபீஸுக்குப் போன் போட்டார்.

இந்த உரையாடல் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படும் என்று யந்திரம் சொல்லி முடித்ததும் ஒரு பெண் எடுத்தாள். பேர் லூசியானே ஃபிஃபிட்டா. கோப்பைத் திறந்தாள். வட்டியோடு நாற்பத்தாறாயிரம் நிற்கிறது என்றாள்.

"நான் பதினோராயிரத்துக்கு மேல கட்டிட்டேனேம்மா."

"அது வட்டிக்கே பத்தல சார்." பிறகு கொஞ்சம் தயங்கி, "பீச்சுல இருந்தா பேசுறீங்க? அலைச்சத்தம் கேக்குது."

"இல்லம்மா, சமையலறையில. நாலு மணித் தண்ணி."

கடன் கட்டாதவர்கள் ஆயிரம் சாக்குச் சொல்லிக் கேட்ட பெண். இதை அவள் சாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. டோங்காவில் ஒரு குட்டித் தீவில் பிறந்தவள். பின்கதவைத் திறந்தால் கடல். சிட்னிக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் போக முடியவில்லை. தாயின் அடக்கத்தையே போனில்தான் பார்த்தாள். மேற்கு சிட்னியில் இரண்டாவது மாடியில் ஒற்றை ஆளாகக் குடியிருந்தாள், ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். "எங்க வீட்டுப் பின்பக்கம் இப்படியேதான் கேக்கும்" என்றாள். "தண்ணிகிட்ட கொஞ்ச நேரம் போனைப் பிடிக்கிறீங்களா?" லெஸ் பிடித்தார்.

பேரம் ஏழு வாரம் நடந்தது. அவர் ஐயாயிரத்தில் ஆரம்பித்தார், அவள் இருபத்தைந்தாயிரத்தில். அவள் ஏற்றம் வரும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள். அதனால் அழைப்பு ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போனது. பதிவுகளைக் கேட்ட மேலதிகாரி, முக்கால் மணி நேரத்தில் இரண்டே வாக்கியமும் மீதி இரைச்சலுமாக இருக்கக் கண்டு லைன் பழுது என்று ஆள் அனுப்பினார். நாலாம் வாரம் அவள் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னாள், அதுவும் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே.

"சார், நீங்க சும்மா இருந்திருந்தா பன்னெண்டு வருஷத்துல இந்தத் தீர்ப்பு தானா செத்திருக்கும். ஒவ்வொரு தடவ நீங்க பணம் போடுறப்பவும் அந்தப் பன்னெண்டு வருஷம் மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்குது. இருபது இருபதா போட்டு நீங்கதான் அத உசிரோட வச்சிருக்கீங்க."

லெஸ் முழங்கால் தண்ணீரில் நின்றார். 2009லேயே முடிந்திருக்கும். பத்து வருஷம். பத்து கிறிஸ்துமஸ். "எங்க ஊர்ல அப்படிச் சும்மா இருக்க முடியாதும்மா" என்றார். மறுநாள் மன்றத்தில் இதை அவர் ஒரு செய்தியாகச் சொன்னபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை எங்களால். அந்த வெள்ளிக்கிழமை பழக்கத்தை அவருக்குக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே. அன்று பீருக்கு யாரையும் காசு கொடுக்க விடாமல் லெஸ்ஸே கொடுத்தார், இன்னும் மோசம்.

ஒன்பதாயிரத்தில் முடிந்தது, ஒரே தவணை. சேமிப்பு ஐந்து, வண்டியை விற்றதில் நாலு. பணம் போய்ச் சேர்ந்த அன்று தண்ணீர் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. மறுநாளும் கணுக்கால். அதற்கு மறுநாளும். கட்டினால் தீர்ந்தது என்றுதான் லெஸ் நினைத்திருந்தார். கடைக் கணக்கில் அப்படித்தான், கோடு போட்டு அடித்துவிடுவார்கள். போன் போட்டார்.

"நாங்க 'கட்டியாச்சு'ன்னு குறிப்போம் சார். தீர்ப்பு கோர்ட்டுப் புத்தகத்துல அப்படியேதான் இருக்கும். அத எடுக்கிறது வேற வேல. ரெண்டு தரப்பும் சம்மதிச்சு மனு போடணும். எங்க ஆபீஸ்ல அத பண்றதில்ல."

"ஏன்?"

"ஒருத்தருக்குப் பண்ணா எல்லாரும் கேப்பாங்களாம்."

லெஸ் தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சுரங்கத்தில் விரல் நசுங்கியபோதுகூட லீவு கேட்கவில்லை. அன்று கேட்டார். நாற்காலியைப் பற்றி, கம்பிக் கதவைப் பற்றி, மடிப்பைத் தொட்டுப் பார்க்கும் கையைப் பற்றி, எல்லாம் சொன்னார். "பத்தொன்பது கிறிஸ்துமஸ் நடைபாதையில உக்காந்து சாப்பிட்டிருக்கேம்மா. கட்டின பணம் ஒரு காசு திரும்ப வேணாம். எனக்கு உள்ள போகணும்."

"எடுத்துட்டா இந்த அலைச்சத்தமும் போயிடுமா?" என்றாள்.

"போயிடும்."

"ம்." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "மனு அனுப்புறேன். உங்க பங்குக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

மனு ஒரே பக்கம். தீர்ப்பு ரத்தாகட்டும், வழக்கு தள்ளுபடியாகட்டும், அவரவர் செலவு அவரவருக்கு என்று மூன்று வரி அச்சடித்திருந்தது. நாலாவது, 'வேறு ஏதும் இருப்பின்' என்று வெற்றிடம். எல்லோரும் அதில் குறுக்கே கோடு போட்டுவிடுவார்கள். லெஸ் ஒரு நாள் முழுக்க அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதில் பால்பேனாவால் எழுதினார்: மேற்படி வீட்டுக்கு நாளுக்கு இருமுறை வரும் தண்ணீர் இனி லூசியானே ஃபிஃபிட்டா அவர்களைச் சேரும், வேறு யாருக்கும் அதில் பாத்தியதை இல்லை. அடியில் கையெழுத்து, தேதி. மனு சிட்னிக்குப் போனது. லூசியானே அதை நாலு தடவை படித்தாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு முன் மேலதிகாரி கையெழுத்துப் போடும் நாற்பது காகிதங்களுக்கு நடுவில் வைத்தாள். அவர் நாற்பதிலும் போட்டார், பசி.

மே மாதம் பதினாறாம் தேதி லெஸ் மனுவை எங்கள் நீதிமன்றத்துப் பதிவாளரிடம் கொடுத்தார். பதிவாளர் கண்ணாடியை ஏற்றி நாலாவது வரியைப் படித்தார். லெஸ்ஸின் காலைப் பார்த்தார். செருப்புக்கு அடியில் சின்னதாக ஒரு குட்டை தேங்கியிருந்தது. "ரெண்டு பேருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார். "ஆமா." "சம்மதம்னா கோர்ட்டுக்கு இதுல வேலையில்ல" என்று சொல்லி முத்திரை குத்தினார். மணி பதினொன்று ஐந்து. இருபத்திரண்டு வருஷ விவகாரம், ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் முடிந்தது.

அன்றைய ஏற்றம் இரண்டு நாற்பதுக்கு. லெஸ் பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கையில் துடைப்பானோடு, சமையலறையில் நின்றார். இரண்டு நாற்பது ஆனது. மூன்று ஆனது. துவைக்கும் அறைக் கதவுக்கு அடியில் வெறும் வெளிச்சம். வேண்டாம் வேண்டாம் என்று இத்தனை வருஷம் இருந்தவர் அங்கேயே நின்று அழுதார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டது, ஆகவே இதை எழுதுவதில் தப்பில்லை. மூன்று பத்துக்குப் போன் அடித்தது. எடுத்தால் யாரும் பேசவில்லை. அலைச்சத்தம் கேட்டது, இந்தத் தடவை அந்தப் பக்கத்திலிருந்து. ஒரு நாற்காலி இழுபடும் ஓசை, தண்ணீரில் யாரோ காலை அளைவது, பிறகு ஒரு பெண் தன் பாஷையில் மெதுவாக ஏதோ பாடுவது. லெஸ் போனைக் காதில் வைத்தபடி ஏற்றம் வடியும் வரை நின்றார். சிட்னியில் லூசியானேவின் கீழ்வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை புகார் கொடுத்ததாகவும், அதிகாரி வந்து கூரையைத் தட்டிப் பார்த்து ஈரமில்லை என்று எழுதிக்கொடுத்ததாகவும் பின்னால் கேள்விப்பட்டோம். இப்போதும் அங்கே நாளுக்கு இரண்டு தடவை வருகிறது. முழங்கால் அளவு என்கிறார்கள்.

லெஸ்ஸின் வீடு மூன்று மாதத்தில் விற்றுப்போனது, சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்ததால் பாதி விலைக்கு. லெஸ் கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட்டில், ஒரு சாதாரணப் புதன்கிழமை, ஒரு பெட்டியோடு பஸ் ஏறினார். வழி முழுக்கக் குனிந்து குனிந்து மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார் என்று டிரைவர் சொன்னான்.

வெல்மா எதிர்பார்க்கவில்லை. சமையல் உடுப்போடு கதவுக்கு வந்தாள். அவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே, முட்டி எவ்வளவு விட்டதோ அவ்வளவு குனிந்தாள். மடிப்பைத் தொட்டாள். விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு காலையும் தொட்டாள்.

"காஞ்சிருக்கு."

"ஆமா."

"அந்தத் தண்ணி என்ன ஆச்சு?"

"ஒரு பொண்ணுக்குத் தேவப்பட்டுது. குடுத்துட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாள் மேல் கை இருந்தது. "இப்பவாவது திட்டு லெஸ்" என்றாள்.

லெஸ் பெட்டியைக் கீழே வைத்தார். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். இருபத்திரண்டு வருஷம் யோசித்து வைத்திருந்தவர் போல நிதானமாகச் சொன்னார்: "உன் தம்பி ஒரு உருப்படாத நாய், வெல்மா. என் வாழ்க்கையவே நாசம் பண்ணிட்டான். என் கையில கெடச்சிருந்தான்னா படகு முழுகின எடத்துலயே அவனையும் அமுக்கியிருப்பேன்."

வெல்மா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே தாழ்ப்பாளை இழுத்தாள். அது துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

"உள்ள வா" என்றாள். "கால தொடச்சுட்டு வா."

துடைக்க ஒன்றுமில்லை. லெஸ் மிதியடியில் நின்று இரண்டு காலையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.